பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற இதழில் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்களுக்காக முன்பதிவு பற்றிச் சில குறிப்புகள் எழுதியிருந்தேன். இம்மாதமும் ரயில் சம்பந்தமாகவே ஏதேனும் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆயினும் எங்கள் குடியிருப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு; நல்ல பங்கு என்று சொல்வதற்கில்லை. ஆதலால் அதைச் சொல்லிவிடுவதே முறை என்று துணிந்தேன்.

டில்லியில் நாங்கள் இருக்கும் ரயில்வே குடியிருப்பில், எனக்கு இரண்டு வீடு தள்ளித் தஞ்சாவூர்ப் பக்கத்து அன்பர் ஒருவர் வசிக்கிறார். பணிமனையில் ஃபிட்டர். தாயார், மனைவி, இரு குழந்தைகள். மூத்த பெண்ணுக்கு இப்போது எட்டு வயது. என்னை மாமா என்றும் என் மனைவியை அத்தை என்றும் அழைத்துக்கொண்டு, பாதி நாள் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். நாலு வயது வரை நன்றாக இருந்த அந்தக் குழந்தை பிறகு இளைக்கத் தொடங்கினாள். வயிறு மட்டும் உப்பி, கைகால்கள் குச்சியாயின. அடிக்கடி பேதி. முகத்தில் இரத்தமே இல்லை. இரண்டு வயது இளைய தம்பி அவள் உயரத்துக்கு வந்துவிட்டான். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். இரும்புச் சத்து டானிக் கொடுத்தார்கள். பாட்டியம்மாள் வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார். வைத்தீசுவரன் கோவிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். மூன்று ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. கடைசியில் ஒரு டாக்டர் இரத்தத்தைச் சோதித்து, பின்னர்க் குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்து, "இது சீலியாக் நோய். இக்குழந்தைக்குக் கோதுமை ஆகாது, ஆயுள் முழுவதும் ஆகாது" என்று சொன்னார்.

வீட்டில் அழுகைக்குப் பதில் ஒருவித நிம்மதியே உண்டாயிற்று. பாட்டியம்மாள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இவ்வளவுதானா? நாமென்ன ரொட்டி தின்று வளர்ந்த ஜாதியா? இட்லி இருக்கிறது, தோசை இருக்கிறது, சோறு இருக்கிறது. பிள்ளைக்கு என்ன குறைச்சல்?" நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். சப்பாத்தி, ரொட்டி, பிஸ்கோத்து, ரவை, சேமியா யாவும் அவ்வீட்டிலிருந்து வெளியேறின. குழந்தையின் பேதி நின்றது. மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறினாள். பிறகு ஏறவில்லை. ஆறாம் மாதம் மீண்டும் இரத்தம் சோதித்தபோது எண்ணிக்கை கொஞ்சம் இறங்கியிருந்ததே தவிர, இறங்கவேண்டிய அளவு இறங்கவில்லை. "எங்கிருந்தோ கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது" என்றார் டாக்டர்.

எங்கிருந்து? சந்தேகம் குழந்தையின்மீது விழுந்தது. பள்ளிக்கூடத்தில் பிற குழந்தைகளின் பிஸ்கோத்தை வாங்கித் தின்கிறாள் என்றாள் தாய். தின்னவில்லை என்று சத்தியம் செய்தாள் பெண். சாதுவான அந்தத் தகப்பனார், வாழ்நாளில் முதல்முறையாகக் கை ஓங்கிவிட்டார். எங்கள் வீட்டில் தினம் சப்பாத்தி இடுவதால் எங்கள் வீட்டுக்கு வருவதும் தடைப்பட்டது. மறுநாள் மாலை அக்குழந்தை எங்கள் வாசலைக் கடந்து, தலையைக் குனிந்துகொண்டு போனதைப் பார்த்தேன். நானும் ஏதும் கேட்கவில்லை. திருட்டுத்தனமாகத் தின்றிருப்பாள் என்றுதான் நானும் எண்ணினேன்.

பிறகு உணவு ஆலோசனை கூறும் அம்மையார் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் கேட்டது விசித்திரமாக இருந்தது. சமையலறையில் உள்ள பொருள் ஒவ்வொன்றையும், அதன் உறையோடும் டப்பாவோடும் கொண்டுவரச் சொன்னார். ஆங்கிலம் படிப்பதில் நண்பருக்குக் கூச்சம். என்னைத் துணைக்கு அழைத்தார். இரண்டு பைகளில் கட்டிக்கொண்டு போனோம். அம்மையார் மஞ்சள்தூளைப் பார்த்தார், மிளகாய்த்தூளைப் பார்த்தார், ஒதுக்கி வைத்தார். பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பி, அதன் முதுகில் உள்ள சிறிய எழுத்தை என்னிடம் காட்டிப் படிக்கச் சொன்னார். படித்தேன். கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம் என்று அந்த வரிசையிலே அச்சிட்டிருந்தது.

நண்பரின் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அம்மையார் அத்துடன் விடவில்லை. அரிசி மாவு எங்கே அரைக்கிறீர்கள் என்றார். சக்கியில் என்றோம். அந்தச் சக்கியில் மற்றவர்கள் எதை அரைக்கிறார்கள் என்றார். டில்லியில் சக்கிக்காரன் வேறு எதை அரைப்பான்? பண்டிகைக்கு வெளியிலிருந்து பலகாரம் ஏதும் வந்ததா என்றார். தீபாவளிக்கு என் மனைவி அக்குழந்தைக்கென்றே ஒரு தூக்கு நிறைய முறுக்குச் சுட்டுக் கொடுத்திருந்தாள். "இது அரிசி மாவும் உளுந்த மாவும்தான், நீ பயப்படாமல் தின்னலாம்" என்று சொல்லிக் கையில் கொடுத்தவன் நான். அந்த மாவும் அதே சக்கியில் அரைத்தது. அந்தப் பெருங்காயமும் அதே கடையில் வாங்கியது.

இனி அந்த நோய் யாது என்பதைச் சொல்கிறேன். நான் மெட்ரிகுலேஷன் படித்தவன், வைத்தியன் அல்லன். கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அரிசி மாவு அப்படி இழுபடுவதில்லையே, அதற்குக் காரணம் கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம். பார்லியிலும், மேனாட்டார் உண்ணும் ரை என்னும் தானியத்திலும் அதன் இனத்தைச் சேர்ந்த புரதங்கள் உண்டு. நம் சிறுகுடலின் உட்புறம் வெல்வெட்டுத் துணியைப்போல் நுண்ணிய விரல்களால் நிறைந்தது. உண்ட உணவின் சாரத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பவை அவ்விரல்களே. சீலியாக் நோய் உள்ளவர் குளூட்டனை உண்டால், நோய்க்கிருமியை எதிர்க்கவேண்டிய உடலின் காவற்படை தன் சொந்தக் குடலையே தாக்குகிறது. விரல்கள் தேய்ந்து மழுங்குகின்றன. பிறகு எவ்வளவு உண்டாலும் உடலில் ஒட்டாது. குழந்தைகளுக்கு வளர்ச்சி நிற்கும். பெரியவர்களிடம் இது வேறு வேடம் போடும்: எத்தனை இரும்புச் சத்து மாத்திரை தின்றாலும் தீராத சோகை, எலும்புத் தேய்வு, ஓயாத களைப்பு. வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாதவரும் உண்டு. மருந்து கிடையாது. குளூட்டனை அறவே விலக்கினால் குடல் தானாகவே ஆறும். அதற்கு மாதங்கள் ஆகலாம், ஆண்டும் ஆகலாம்.

கோதுமைதான் குற்றவாளி என்று உலகம் கண்டுகொண்ட வரலாறு சுவையானது. 1888-ஆம் ஆண்டில் லண்டனில் சாமுவேல் ஜீ என்ற டாக்டர் இந்நோயைத் தெளிவாக வருணித்தார். தீர்வதாயின் உணவு முறையால்தான் தீரும் என்றும் எழுதினார். எந்த உணவு என்பது அவருக்கு அகப்படவில்லை. 1924-இல் நியூயார்க் டாக்டர் சிட்னி ஹாஸ் என்பவர் குழந்தைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். வாழைப்பழமே மருந்தென்று பல ஆண்டு நம்பினார்கள். உண்மையில் வாழைப்பழம் தின்ற குழந்தை ரொட்டி தின்னவில்லை, விஷயம் அவ்வளவே. ஹாலந்து தேசத்தில் ஹேக் நகரத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கெ என்பவருக்கு ரொட்டியின்மேல் முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியில் அந்நாட்டில் கொடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் மக்கள் டியூலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். ஊரெல்லாம் மெலிந்தபோது சீலியாக் குழந்தைகள் தேறினார்கள்! போர் முடிந்து ரொட்டி திரும்பியதும் அவர்கள் நோயும் திரும்பியது. டிக்கெ பொறுமையாகச் சோதித்து, 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தம் ஆராய்ச்சியை அளித்தார். பஞ்சத்தில் பிழைத்த குழந்தைகள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கிறது.

"இது பஞ்சாபியர்க்கு வரும் நோய், நமக்கேன்?" என்று நம்மவர் கேட்பதைக் காதாரக் கேட்டிருக்கிறேன். இதற்கு விடை 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் இருக்கிறது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடம் இருந்தது, தெற்கே 0.10 பேரிடம், அதாவது ஆயிரத்தில் ஒருவரிடம். ஆகா, நாம் தப்பித்தோம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் இன்னொன்றும் பார்த்தார்கள். இந்நோய் வருவதற்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு வடக்கே நூற்றுக்கு 38.1 பேருக்கும், தெற்கே 36.4 பேருக்கும் இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. பின் எதில் வித்தியாசம்? வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கே 25 கிராம்.

இந்தக் கணக்கை எங்கள் வீட்டுச் சாப்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். காலையில் ரொட்டித் துண்டு, மத்தியானம் டிபன் டப்பாவில் சப்பாத்தி, இரவு மறுபடி சப்பாத்தி. பரம்பரை தெற்கத்தியது, தட்டு வடக்கத்தியது. பரம்பரைக் கூறு இருப்பவர் எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. மிகச் சிலருக்கே வரும். எனினும் ஊரில் பாட்டனுக்குத் தெரியாமலே உறங்கிய ஒன்று இங்கே பேத்தியிடம் விழித்துக்கொள்ள இடமுண்டு. தமிழ்க் குழந்தை என்பதால் டாக்டருக்கும் சந்தேகம் எழாமல் போகலாம். நம் நண்பர் குழந்தைக்கு மூன்று ஆண்டுகள் வீணானதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பெருங்காயத்திற்கு வருவோம். அது ஆப்கானிஸ்தானம், ஈரான் முதலிய நாடுகளில் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். நம் நாட்டில் இமாசலத்து லாகூல் பள்ளத்தாக்கில் 2020-இல்தான் முதன்முதலாக நட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். கலப்பில்லாப் பெருங்காயத்தின் காரமும் நாற்றமும் நாம் தாங்கக்கூடியவை அல்ல. ஆதலால் கோந்தும் மாவும் கூட்டிப் பக்குவப்படுத்தி விற்கிறார்கள். கூட்டுப் பெருங்காயம் என்பது அதுவே. இது கலப்படம் அன்று. சட்டம் அனுமதித்த தயாரிப்பு. சிலர் அரிசி மாவு கூட்டுகிறார்கள், சிலர் கோதுமை மாவோ மைதாவோ கூட்டுகிறார்கள். தூளில் மட்டுந்தான் மாவு, கட்டி சுத்தமானது என்று நினைப்பதும் தவறு, கட்டியிலும் உண்டு. நல்ல வீட்டுச் சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், இட்லிப்பொடி எல்லாவற்றிலும் இது இருக்கிறது. கோதுமையை வாசல் வழியாகத் துரத்திவிட்டுத் தாளிக்கும் கரண்டி வழியாகத் தினம் மூன்று வேளை ஊட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். இத்தாலியில் நடத்தி 2007-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உட்கொண்ட நோயாளிகளின் குடல் கெட்டது தெரியவந்தது. கோதுமை மாவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், 50 மில்லிகிராம் என்பது அரை கிராம் மாவு. இரண்டு விரலால் எடுக்கும் சிட்டிகை அதுவே. வீட்டுச் சாம்பாரில் இடும் பெருங்காயத்தில் ஓர் ஆளுக்கு அவ்வளவு வராது, உண்மைதான். ஆனால் அதனுடன் சக்கி மாவு சேர்ந்தால்?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடினேன். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமானால், ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. உலக அளவில் வகுத்த கோடெக்ஸ் தரமும் அதே அளவுதான். 20 மில்லிகிராம் என்பது எவ்வளவு? எங்கள் கணக்கில் சொன்னால், 60 டன் அரிசி ஏற்றிய ஒரு சரக்கு வாகனில் 12 கிலோ கோதுமை மாவு கலந்திருந்தால் எல்லை முடிந்தது. வீட்டுக் கணக்கில், ஒரு கிலோ அரிசி மாவில் மூன்று கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி கோதுமை மாவு கலந்தால், அந்த எல்லையைப்போல் பதினைந்து மடங்கு ஆகிவிடும். சக்கியில் முந்தைய வாடிக்கைக்காரரின் மாவு கல்லிடுக்கில் ஒரு தேக்கரண்டி நிற்காதா? கைநிறைய நிற்கும்.

இந்த எல்லையை வெறும் நாக்காலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது. ஆகையால்தான் அச்சிட்ட சொல்லுக்கு இத்தனை மதிப்பு. நான் பார்சல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளும்போது ரசீதில் 'இன்னது உள்ளதாகச் சொல்லப்படுகிறது' என்று எழுதிவிடுவோம். உள்ளே வேறு இருந்தால் பொறுப்பு எங்களுடையது அன்று. உணவு டப்பாவில் அப்படி எழுதிவிட்டுக் கைகழுவ முடியாது, அச்சிட்டவனே பொறுப்பு. 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகள், கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் போன்றவை சேர்ந்திருந்தால் 'இன்னது அடங்கியது' என்று தனியே தெரிவிக்கவேண்டும் என்று கூறுகின்றன. ஒரே தொழிற்சாலையில் கலந்துவிட வாய்ப்பிருந்தால் 'அடங்கியிருக்கக்கூடும்' என்றும் தெரிவிக்கலாம். சேர்மானப் பட்டியலை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாகத்தான் எழுதவேண்டும். ஆகவே பெருங்காய டப்பாவில் பெருங்காயத்துக்கு முன்னே கோதுமை நின்றால், நீங்கள் வாங்குவதில் எது அதிகம் என்பது விளங்கிவிடும்.

இதில் ஒரு மனக்குறை எனக்கு உண்டு. லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரியில் இந்தியிலோ இருந்தால் போதும் என்பது விதி. பிற மொழி விருப்பமானால் சேர்க்கலாம். எங்கள் வீடுகளில் தாளிப்பது யார்? ஊரிலிருந்து வந்த தாயாரும் மாமியாரும். அவர்களுக்குத் தமிழ்தான் தெரியும். படிக்கத் தெரிந்த மகன் பணிமனையில். கரண்டி பிடித்த தாய் அடுப்படியில். அந்த டப்பா ஏழு மாதம் அந்த வீட்டு அலமாரியில் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது; கேட்க ஆள் இல்லை.

இன்னொரு குறையும் சொல்லிவிடுகிறேன். இப்போது 'குளூட்டன் இல்லாதது' என்பது ஓர் அலங்காரமாகிவிட்டது. நோய் ஏதும் இல்லாதவர் உடல் இளைக்க வேண்டுமென்று அதை வாங்குகிறார்கள். ஒன்றுக்கு மூன்றாக விலை வைக்கிறார்கள். இயல்பிலேயே குளூட்டன் இல்லாத பண்டத்தைப் பிரத்தியேக உணவு என்று விற்கலாகாது. 'இயல்பாகவே குளூட்டன் இல்லாதது' என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. நாகரிகத்துக்காகக் கேட்பவர் கூடினால், ஓட்டலில் உண்மை நோயாளி கேட்கும்போது சர்வர் சிரிக்கிறான். அது அக்குழந்தைக்கு நேர்ந்தது, நான் உடனிருந்தேன்.

வீட்டில் கவனிக்கவேண்டியவற்றுள் எனக்கு முக்கியமாகப் பட்டவை சில. 'கோதுமை இல்லாதது' என்பதும் 'குளூட்டன் இல்லாதது' என்பதும் ஒன்றல்ல; பார்லி மால்ட் சேர்ந்த பானங்களில் கோதுமை இல்லாமலும் குளூட்டன் இருக்கும். 'குறைந்த குளூட்டன்' என்று போட்டதும் இந்நோயாளிக்கு உதவாது. சில்லறையாக அளந்து கொடுக்கும் மாவுக்கு லேபிளே கிடையாது. கடலை மாவாயினும் வேண்டாம். பூரி பொரித்த எண்ணெயில் வடை போடுவதும், ரவை தோசை வார்த்த கல்லில் இவர்களுக்குத் தோசை வார்ப்பதும் ஆகா. ரவையும் சேமியாவும் கோதுமையே என்பது நம்மில் பலருக்கு இன்னும் உறைக்கவில்லை. கோயில் கேசரியை 'இது பிரசாதம்தானே' என்று ஊட்டுகிறார்கள். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, ஜவ்வரிசி, பருப்பு வகைகள் எல்லாம் இயல்பில் பாதகமற்றவை. முழுத் தானியமாக வாங்கிக் கழுவி உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொண்டால் கவலை இல்லை.

மிகவும் முக்கியமான ஒன்று: சந்தேகம் வந்த உடனே தாமாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியபின் இரத்தம் சோதித்தால் நோய் மறைந்துகொண்டு இல்லை என்று காட்டும். முதலில் சோதனை, பிறகு பத்தியம். ஒருவருக்கு இருப்பது தெரிந்தால் உடன்பிறந்தாரையும் பெற்றோரையும் சோதிக்க வேண்டும். அவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இருப்பதாகக் காண்கிறார்கள். நண்பர் வீட்டில் தம்பிக்குப் பார்த்ததில் இல்லை என்று வந்தது. சில ஆண்டு கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று ஆலோசனை முடிந்து பஸ்ஸில் திரும்பியபோது நண்பர் வழிநெடுகப் பேசவில்லை. இறங்கும்போது, "சார், அவளை அடிக்கக் கை ஓங்கினேனே" என்றார். வீட்டுக்குப் போய் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் மாலை குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி சப்பாத்திப் பலகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து அவளுக்குத் தலை பின்னினாள்.

பாட்டியம்மாள் ஒரு காரியம் செய்தார். பேத்தியை உட்காரவைத்து ஒவ்வொரு டப்பாவையும் படிக்கச் சொல்லி, தாம் கேட்டு, பழைய நாட்காட்டியின் பின்புறத்தைக் கிழித்துத் தமிழில் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். கோதுமை கலந்தவற்றில் சிவப்பு மசியில் ஒரே எழுத்து: 'கோ'. அவை மேல் தட்டில், மற்றவர்களுக்கு. அரிசி மாவு கூட்டிய பெருங்காயம் இரண்டு கடை தள்ளிக் கிடைத்தது. கீழ்த் தட்டில் அது இருக்கிறது.

இரண்டாம் முறை இரத்தம் சோதித்ததில் எண் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. அடுத்த சோதனை வரும் தை மாதம். சென்ற வாரம் என் மனைவி வீட்டு மிக்ஸியில் மாவரைத்து மறுபடியும் முறுக்குச் சுட்டாள். தூக்கை நீட்டியபோது குழந்தை உடனே வாங்கவில்லை. "அத்தை, பெருங்காய டப்பாவைக் கொண்டு வாங்கோ" என்றாள். கொண்டுவந்து கொடுத்தோம். திருப்பி, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகுதான் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.